உங்க ரத்தம் என்ன வகை? மாசமா இருக்கிறவங்களும் மாமியார்களும் படிக்க வேண்டியது



மண்டகப்பட்டில் நடந்த கூட்டத்தில் கடன் தவணை, சேமிப்பு, வங்கி இணைப்பு எல்லாம் பேசி முடித்தபிறகு கொஞ்ச நேரம் மிச்சம் இருந்தது. டீ வருவதற்குள் சும்மா ஒரு கேள்வி கேட்டு வைத்தோம். "உங்க ரத்தம் என்ன குரூப்?"

நம்ம பெண்கள் சாதாரண ஆட்களா? குழு பாஸ்புக் நம்பர், கேஸ் புக் நம்பர், ஆதார் நம்பர் எல்லாவற்றையும் பார்க்காமலே சொல்லுவார்கள். ரத்த வகையைக் கேட்டதும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். "எல்லாருக்கும் இருக்கிற மாதிரி சிவப்புதாம்மா" என்று ஒரு உறுப்பினர் சொல்ல, கூட்டமே சிரித்தது. மூணு பிள்ளை பெற்ற இன்னொரு அக்கா, "அட்டையில எழுதிக் கொடுத்தாங்க. அட்டை பரண்மேல கெடக்குது, எலி கடிக்காம இருந்தா பார்த்துச் சொல்றேன்" என்றார்.

ஒருத்தர் மட்டும் சிரிக்கவில்லை. "எனக்குத் தெரியும். ஓ நெகட்டிவ். ஆனா தெரிய வேண்டிய நேரத்துல தெரியல. ரெண்டாவது புள்ள போனப்புறம்தான் தெரிஞ்சிச்சு" என்றார். அதன்பிறகு டீ வந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அவர் சொன்னதைப் பெயர் போடாமல் எழுதச் சம்மதித்தார். ஊர் பெயரும் ஆஸ்பத்திரி பெயரும் இங்கே வேண்டாம். முதல் பிரசவம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். சுகப்பிரசவம், ஆண் பிள்ளை. மூணாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சீட்டில் 'ஓ நெகட்டிவ்' என்று எழுதித்தான் இருந்தது. அதற்கு அர்த்தம் என்ன, அடுத்து என்ன செய்யணும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. இரண்டாவது முறை ஏழாம் மாசம் ஸ்கேனில் குழந்தை உடம்பெல்லாம் நீர் கோத்து வீங்கியிருக்கிறது என்றார்கள். இறந்தே பிறந்தது. ஊரில் என்ன பேசியிருப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? வயிறு ராசியில்லை, காத்து கருப்பு, யாரோ வைத்துவிட்டார்கள் என்று ஆளுக்கொரு பேச்சு. தாயத்து கட்டினார்கள், மண்சோறு சாப்பிட்டார். மூணாவது முறை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது அங்கே இருந்த டாக்டரம்மா பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "மொதப் பிரசவத்துக்கு அப்புறம் ஊசி போட்டாங்களா?" இவர் திருப்பிக் கேட்டது: "எந்த ஊசி?"

அந்த ஊசியைப் பற்றியும், அதைவிட அபூர்வமான சில ரத்த வகைகளைப் பற்றியும் இந்த மாதம் எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான கட்டுரைதான். வேலை முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஊக்குநர்கள் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டணும்.

மூக்குத்தியும் தோடும்

மனுஷ ரத்தம் எல்லாம் ஒன்றுதான் என்றுதான் ஒரு காலத்தில் டாக்டர்களே நினைத்திருந்தார்கள். ஒருத்தர் ரத்தத்தை இன்னொருத்தருக்கு ஏற்றினால் சிலர் பிழைப்பார்கள், சிலர் செத்துப்போவார்கள். காரணம் தெரியாது. 1901-ல் ஆஸ்திரியா நாட்டு விஞ்ஞானி கார்ல் லாண்ட்ஸ்டெய்னர்தான் ரத்தத்தில் வகைகள் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதற்காக 1930-ல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இதை நம்ம வழியில் இப்படிப் புரிந்துகொள்ளலாம். ரத்தத்தில் இருக்கிற சிவப்பணு ஒவ்வொன்றும் ஒரு மூக்குத்தி போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 'ஏ' கல் பதித்திருந்தால் ஏ வகை. 'பி' கல் என்றால் பி வகை. இரண்டு கல்லும் இருந்தால் ஏபி. கல்லே இல்லாத வெறும் மூக்குத்தி என்றால் ஓ வகை. இதோடு காதில் தோடு போட்டிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். அந்தத் தோடுதான் ஆர்ஹெச் என்கிறது. தோடு இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். அவ்வளவுதான் விஷயம். நெகட்டிவ் என்றால் கெட்ட ரத்தம் என்றோ, சீக்கு ரத்தம் என்றோ, பலம் குறைந்த ரத்தம் என்றோ அர்த்தம் கிடையாது. பொண்ணு பார்க்க வந்த இடத்தில் 'நெகட்டிவாமே' என்று சொல்லிச் சம்பந்தத்தை நிறுத்திய கதையும் நம் காதுக்கு வந்திருக்கிறது. இதைவிட அறியாமை வேறு இல்லை.

நம் நாட்டில் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பேர் ஆர்ஹெச் நெகட்டிவ். வெள்ளைக்காரர்களில் இது நூற்றுக்குப் பதினைந்து வரை இருக்கிறது. ஐந்து என்றால் குறைவு மாதிரி தெரியும். ஒரு குழுவுக்கு இருபது பேர் என்று வைத்தால், சராசரியாகக் குழுவுக்கு ஒருத்தர் ஆகிறது. கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் நாம். நீங்களே போட்டுப் பாருங்கள்.

தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் என்ன நடக்கிறது?

அம்மா நெகட்டிவ், அப்பா பாசிட்டிவ் என்றால் வயிற்றில் வளர்கிற பிள்ளை பாசிட்டிவாக இருக்கலாம். தாயின் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் நேராகக் கலப்பதில்லை. நடுவில் நஞ்சு இருக்கிறது. அது சல்லடை மாதிரி சத்தை மட்டும் அனுப்பும். ஆனால் பிரசவ நேரத்தில் நஞ்சு பிரியும்போது பிள்ளையின் ரத்தம் கொஞ்சம் தாயின் உடம்புக்குள் வந்துவிடும். தாயின் உடம்பு பார்க்கிறது. இது என்ன, தோடு போட்ட அணு ஒன்று உள்ளே வந்திருக்கிறது, நம்ம வீட்டு ஆள் இல்லையே என்று அதை அழிக்கக் காவல் ஆட்களைத் தயார் செய்கிறது. எதிர்ப்புப் பொருள் என்று இதைச் சொல்வார்கள்.

முதல் பிள்ளை அதற்குள் வெளியே வந்துவிட்டது. அதனால் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. இதுதான் நம்மை ஏமாற்றிவிடுகிறது. 'மொதல் புள்ள நல்லாத்தானே பொறந்துச்சு' என்று எல்லோரும் அசந்திருக்கும்போது, அந்தக் காவல் ஆட்கள் தாயின் உடம்பிலேயே தங்கிவிடுகிறார்கள். அடுத்த பிள்ளையும் பாசிட்டிவாக இருந்தால் இவர்கள் நஞ்சைத் தாண்டிப் போய் அதன் சிவப்பணுக்களை உடைக்க ஆரம்பிப்பார்கள். பிள்ளைக்கு வயிற்றிலேயே ரத்தசோகை வரும். முற்றிப்போனால் உடம்பில் நீர் கோத்து வீங்கி இறந்தே போகலாம். உயிரோடு பிறந்தாலும் கடுமையான காமாலை வந்து மூளை பாதிக்கலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் இது கூடிக்கொண்டே போகும்.

1939-ல் அமெரிக்காவில் லெவின், ஸ்டெட்சன் என்ற இரண்டு டாக்டர்கள் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். குழந்தை இறந்தே பிறந்தது. தாய்க்கு ரத்தம் தேவைப்பட்டு, ஒரே வகைதானே என்று கணவன் ரத்தத்தை ஏற்றினார்கள். அந்தப் பெண்ணின் உடம்பு அதை ஏற்காமல் ஆபத்தான நிலைக்குப் போய்விட்டார். பிள்ளைக்கு அப்பாவிடமிருந்து வந்த ஏதோ ஒன்றைத் தாயின் உடம்பு எதிர்க்கிறது என்று அப்போதுதான் புரிய ஆரம்பித்தது. அடுத்த ஆண்டு, 1940-ல், லாண்ட்ஸ்டெய்னரும் வீனரும் ஆர்ஹெச் என்பதைக் கண்டுபிடித்து அறிவித்தார்கள். உலகத்தில் எத்தனை ஊரில் எத்தனை பெண்கள் அதுவரைக்கும் 'ராசியில்லாதவள்' பட்டம் வாங்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கணவன், மனைவி இரண்டு பேருமே நெகட்டிவ் என்றால் பிள்ளையும் நெகட்டிவாகத்தான் இருக்கும், இந்தப் பிரச்சினை வராது. அம்மா பாசிட்டிவ், அப்பா நெகட்டிவ் என்றாலும் பயமில்லை. கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே குரூப்பாக இருந்தால் பிள்ளை தங்காது என்று சிலர் சொல்கிறார்கள். அதில் கொஞ்சமும் உண்மை இல்லை.

அந்த ஊசி

இந்த ஊசிக்குப் பெயர் ஆன்ட்டி-டி. 1968-ல் புழக்கத்துக்கு வந்தது. பிள்ளையின் அணு தாயின் ரத்தத்தில் நுழைந்த உடனே, தாயின் உடம்பு கண்டுபிடிப்பதற்குள் இந்த மருந்து போய் அதைத் துடைத்துவிடும். காவல் ஆட்கள் தயாராகவே மாட்டார்கள். ஊசி இல்லாத காலத்தில் பாசிட்டிவ் பிள்ளை பெற்ற நெகட்டிவ் தாய்மார்களில் நூற்றுக்குச் சுமார் 16 பேருக்கு எதிர்ப்பு உண்டானது. பிரசவத்துக்குப் பின் ஊசி போட ஆரம்பித்த பிறகு இது நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே வந்தது. மாசமாக இருக்கும்போதே ஒரு ஊசி சேர்த்துப் போட்டால் இன்னும் குறைகிறது.

எப்போது போடணும் என்பதை மனப்பாடமே செய்துகொள்ளலாம். ஏழாவது மாசத்தில், 28 வாரத்தில், ஒன்று. பிரசவமானதும் பிள்ளையின் தொப்புள்கொடி ரத்தத்தைப் பரிசோதிப்பார்கள். பிள்ளை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு இன்னொன்று. 72 மணி என்றால் மூன்றே நாள். பிள்ளை பெற்ற வீட்டில் மூன்று நாள் எப்படி ஓடும் என்று நமக்குத் தெரியும். சொந்தக்காரர்கள் வருவதும் போவதுமாக இருக்கும், மருந்துக் காரம் இடிக்கணும், யாருக்கும் ஊசி ஞாபகம் இருக்காது. அதனால் டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கும்போதே, "எம் புள்ளைக்கு என்ன குரூப்? எனக்கு ஊசி போட்டாச்சா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் டாக்டர் கோவிச்சுக்குவாரோ என்று தயங்க வேண்டாம்.

பிரசவம் மட்டும் இல்லை. கரு கலைந்தாலும், கலைத்தாலும், கர்ப்பப்பைக்கு வெளியே கரு தங்கினாலும், மாசமாக இருக்கும்போது வயிற்றில் அடிபட்டாலும், ரத்தப்போக்கு இருந்தாலும் பிள்ளையின் ரத்தம் உள்ளே வர வாய்ப்பு இருக்கிறது. எத்தனை வாரம் என்று பார்த்து ஊசி வேண்டுமா வேண்டாமா என்று டாக்டர் முடிவு செய்வார். 'நான் நெகட்டிவ்' என்று சொல்ல வேண்டியது நம் வேலை. மெடிக்கல் ஷாப்பில் யாருக்கும் தெரியாமல் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

வெளியில் வாங்கினால் இந்த ஊசிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகலாம். அரசு ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்ளலாம். எங்கே இருப்பு இருக்கிறது என்று கிராம சுகாதார செவிலியரிடம் ஏழாம் மாசத்துக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு வெளியே வாங்க நேர்ந்தால் குழுவில் உள்கடன் இருக்கிறது. சீர்வரிசைக்கும் காதுகுத்துக்கும் தீர்மானம் போடுகிற நாம் இதற்கும் ஒரு தீர்மானம் போடலாம்.

ஒரு விஷயம் தெளிவாகச் சொல்லணும். எதிர்ப்பு ஏற்கெனவே உண்டாகிவிட்டால் இந்த ஊசியால் பயனில்லை. அதைத் தெரிந்துகொள்ள கூம்ப்ஸ் டெஸ்ட் என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. எதிர்ப்பு இருப்பது தெரிந்தால் கைவிட்டது என்று அர்த்தம் இல்லை. பிள்ளைக்கு ரத்தசோகை வருகிறதா என்று ஸ்கேனில் அடிக்கடி பார்ப்பார்கள். தேவைப்பட்டால் வயிற்றில் இருக்கும்போதே பிள்ளைக்கு ரத்தம் ஏற்றுகிறார்கள். 1963-ல் நியூசிலாந்தில் லைலி என்ற டாக்டர் முதன்முதலில் இதைச் செய்து காட்டினார். இப்போது நம் நாட்டிலும் பெரிய ஆஸ்பத்திரிகளில் செய்கிறார்கள். நம்ம உறுப்பினருக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்து, நாளைக்கு முன்பே பிள்ளையை எடுத்து, நீல விளக்கில் வைத்து, ரத்தம் மாற்றிக் காப்பாற்றினார்கள். அந்தப் பெண் இப்போது ஆறாவது படிக்கிறாள். கூட்டத்துக்கு அம்மாவோடு வந்து பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

காமாலை என்றதும் ஞாபகம் வருகிறது. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் தெரிந்தால் 'காலை வெயில்ல காட்டு, சரியாயிடும்' என்று சொல்கிற பெரியவர்கள் நம்மில் நிறைய பேர். லேசான மஞ்சள் பல குழந்தைகளுக்கு இரண்டு மூன்று நாள் கழித்து வந்து தானாகப் போவது உண்மைதான். பிறந்த முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் மட்டும் அது வேறு. வெயிலை நம்பி உட்காராமல் உடனே டாக்டரிடம் காட்டணும்.

ஊசிக்குப் பின்னால் ஒரு மனுஷர்

இந்த மருந்தைத் தயாரிப்பது மாவு பிசைவது மாதிரி சுலபமான வேலை இல்லை. பெரும்பாலும் எதிர்ப்புப் பொருள் உள்ள மனிதர்கள் கொடுக்கிற ரத்தத்திலிருந்துதான் எடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்று ஒருத்தர். 1936-ல் பிறந்தவர். 14 வயதில் நெஞ்சில் பெரிய ஆபரேஷன் நடந்து, முகம் தெரியாதவர்கள் கொடுத்த ரத்தத்தால் பிழைத்தார். வயது வந்ததும் நானும் கொடுப்பேன் என்று 1954-ல் ஆரம்பித்தார். அவர் ரத்தத்தில் இந்த எதிர்ப்புப் பொருள் நிறைய இருப்பது பிறகு தெரிந்தது. 2018-ல், 81 வயதில் நிறுத்தும்வரை 1,173 தடவை கொடுத்திருக்கிறார். இத்தனைக்கும் ஊசி குத்துவதைப் பார்க்கப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். அவர் கொடுத்தது 24 லட்சம் குழந்தைகளுக்குப் பயன்பட்டதாக அந்த நாட்டு ரத்த சேவை அமைப்பு சொல்கிறது. அவர் மகளே இந்த ஊசி போட்டுக்கொண்டவர்தான். 2025 பிப்ரவரியில் 88 வயதில் காலமானார்.

மூக்குத்தியே இல்லாத ரத்தம்

ஓ வகைக்கு வெறும் மூக்குத்தி என்று மேலே சொன்னோம். அந்த மூக்குத்திக்கு ஹெச் என்று பெயர். ஆயிரக்கணக்கில் ஒருத்தருக்கு அந்த மூக்குத்தியே இருக்காது. 1952-ல் பம்பாயில் டாக்டர் ஒய்.எம்.பெண்டேயும் அவருடன் இருந்தவர்களும் இதைக் கண்டுபிடித்ததால் உலகம் முழுக்க இதற்கு 'பாம்பே ரத்த வகை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. நம் நாட்டில் பத்தாயிரம் பேருக்கு ஒருத்தர் என்று கணக்கு சொல்கிறார்கள். ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கு ஒருத்தர்.

இதில் ஆபத்து எங்கே என்றால், சாதாரணப் பரிசோதனையில் இவர்களுக்கு 'ஓ' என்றே வரும். ஏ கல்லும் இல்லை, பி கல்லும் இல்லை, அதனால் ஓ என்று எழுதிவிடுவார்கள். பிரசவத்தில் ரத்தம் கொட்டிப்போய் அவசரமாக ஓ ரத்தம் ஏற்றினால் உடம்பு ஏற்காது, உயிருக்கே ஆபத்து. ஏ, பி, ஓ எந்த ரத்தமும் இவர்களுக்குச் சேராது. பாம்பே வகைக்காரர் கொடுத்தால்தான் ஏற்ற முடியும். ரத்தம் ஏற்றுவதற்கு முன்னால் இரண்டு ரத்தத்தையும் கலந்து பார்க்கிற கிராஸ்மேட்ச் பரிசோதனையை முறையாகச் செய்தால் இது தெரிந்துவிடும். 'ஏன் இவ்வளவு நேரம் ஆக்குறாங்க' என்று ரத்த வங்கி வாசலில் சண்டை போடுகிற ஆண்களிடம் இதைச் சொல்லுங்கள்.

இந்த வகை யாருக்கு வரும்? அம்மா ஒரு சீட்டும் அப்பா ஒரு சீட்டும் பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள். இரண்டுமே 'மூக்குத்தி இல்லை' என்ற சீட்டாக விழுந்தால்தான் பிள்ளை பாம்பே வகை. ஒரு சீட்டு மட்டும் வைத்திருக்கிறவர்களுக்கு எந்த அடையாளமும் தெரியாது. அசலில் கட்டினால் இரண்டு பக்கமும் ஒரே அபூர்வ சீட்டு இருப்பது கஷ்டம். தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டினால் இரண்டு பேருக்கும் ஒரே பாட்டன் பூட்டனிடமிருந்து அந்தச் சீட்டு வந்திருக்க வாய்ப்பு அதிகம். நம் தமிழ்நாட்டில் நான்கு கல்யாணத்தில் ஒன்றுக்குக் குறையாமல் சொந்தத்தில் நடக்கிறது என்று 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. சொத்து வெளியே போகக்கூடாது, பொண்ணு கண் எதிரே இருக்கணும் என்ற ஆசை நமக்குப் புரியாதது இல்லை. நம்மில் பாதிப்பேர் மாமன் மகனைக் கட்டியவர்கள்தான். ஆனாலும் அடுத்த தலைமுறைக்குப் பேசும்போது இதையும் ஒரு ஓரத்தில் வைத்துப் பேசணும் என்பதுதான் எங்கள் அபிப்பிராயம்.

ஜப்பானிலிருந்து வந்த ரத்தம்

இப்படி அபூர்வ வகைகள் இன்னும் பல இருக்கின்றன. 2024-ல் செய்தி வந்தது. ஹரியானாவைச் சேர்ந்த ஒரு பெண். மாசமாவதும் பிள்ளை போவதுமாக ஒன்று இரண்டு தடவை இல்லை, பல தடவை இழந்தவர். டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். வயிற்றில் இருந்த பிள்ளைக்குக் கடுமையான ரத்தசோகை. ரத்தம் ஏற்றினால்தான் பிழைக்கும். எந்த ரத்தத்தை வைத்துப் பார்த்தாலும் பொருந்தவில்லை. துருவிப் பார்த்ததில், ஆர்ஹெச் 17 என்று ஒன்று, ஏறக்குறைய உலகத்தில் எல்லோர் ரத்தத்திலும் இருப்பது, இந்தப் பெண்ணுக்கு இல்லை என்று தெரிந்தது. அதனால் அவர் உடம்பு ஒவ்வொரு பிள்ளையின் ரத்தத்தையும் அந்நியமாகப் பார்த்து எதிர்த்திருக்கிறது. நம் நாட்டில் ரத்தம் கிடைக்கவில்லை. கடைசியில் ஜப்பான் செஞ்சிலுவைச் சங்கத்திடம் 4 யூனிட் இருப்பது தெரிந்து, விமானத்தில் வரவழைத்து, வயிற்றில் இருந்த பிள்ளைக்கு ஏற்றினார்கள். பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது.

அந்தப் பெண்ணை நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் வெறும் கையோடு வீடு திரும்பியபோது அவர் காதில் என்ன விழுந்திருக்கும் என்று நம்மில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ரெண்டு மூணு தடவை பிள்ளை தங்காமல் போன பெண் உங்கள் தெருவில் இருந்தால், பூசாரி வீட்டுக்கு வழி சொல்வதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

இன்னொன்று நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. கர்நாடகாவில் கோலாரைச் சேர்ந்த 38 வயதுப் பெண்ணுக்கு இதய ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது. ஓ பாசிட்டிவ் என்றுதான் பரிசோதனையில் வந்தது. எந்த ஓ பாசிட்டிவ் ரத்தமும் ஒத்துப்போகவில்லை. அவர் குடும்பத்தில் 20 பேரைப் பரிசோதித்தும் ஒருத்தர் ரத்தமும் சேரவில்லை. ரத்தம் ஏற்றாமலே கவனமாக ஆபரேஷனை முடித்தார்கள். பெங்களூரு ரத்த மையத்திலிருந்து மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்பி, பத்து மாசம் ஆராய்ச்சி செய்ததில், அதுவரை உலகத்தில் யாரும் பார்க்காத புது வகை என்று தெரிந்தது. 2025 ஜூனில் 'கிரிப்' என்று அதற்குப் பெயர் வைத்து அறிவித்தார்கள்.

நம் வீட்டில் இருந்தால்?

முதல் வேலை, உடம்பில் ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வது. அபூர்வ வகைக்காரருக்கு ரத்தம் தேடி அலைவதைவிட, தேவையே வராமல் செய்வது நல்லது. நம் நாட்டில் மாசமா இருக்கிற பெண்களில் பாதிப்பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போகக்கூடாது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் 'வாந்தி வருது, மலம் கருப்பாப் போவுது' என்று பரண்மேல் போடுகிறவர்களைப் பார்க்கிறோம். கருப்பாகப் போவது மாத்திரையால்தான், பயப்பட ஒன்றுமில்லை. ராத்திரி சாப்பிட்டபிறகு போட்டால் குமட்டல் குறையும். டீயோடு மட்டும் போடாதீர்கள், சத்து ஒட்டாது. முருங்கைக்கீரையும் கேழ்வரகும் நம் கொல்லையிலும் கழனியிலும் இருக்கிறது. மாத்திரைக்குப் பதிலாக இல்லை, மாத்திரையோடு சேர்த்து.

இரண்டாவது, பிரசவம் எங்கே என்று ஏழாம் மாசமே முடிவு செய்வது. நெகட்டிவோ, வேறு அபூர்வ வகையோ என்றால் ரத்த வங்கி உள்ள இடத்தில்தான் பார்க்கணும். நம் பக்கத்துக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. வலி எடுத்தபிறகு 108-ஐக் கூப்பிட்டு வண்டியில் போகும்போது எந்த ஆஸ்பத்திரி என்று யோசிக்கக் கூடாது.

மூன்றாவது, கூடப்பிறந்தவர்கள். அபூர்வ வகை உள்ள ஒருத்தருக்கு அதே ரத்தம் அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சியிடம் இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஊரெல்லாம் தேடுவதற்கு முன்னால் அவர்களைப் பரிசோதிக்கச் சொல்வார்கள். பங்காளிச் சண்டையில் பத்து வருஷமாகப் பேசாத தம்பியாக இருந்தாலும் சரி, போய்க் கேளுங்கள். கணவன் ரத்தம் மட்டும் வேண்டாம். பிள்ளை பெறுகிற வயசில் கணவன் ரத்தத்தை ஏற்றினால் பின்னால் வருகிற பிள்ளைக்கு எதிர்ப்பு உண்டாகலாம் என்பதால் டாக்டர்கள் தவிர்க்கிறார்கள்.

மும்பையில் உள்ள தேசிய ரத்த நோய் ஆராய்ச்சி நிறுவனம் அபூர்வ வகை கொடையாளர்களின் பட்டியலை வைத்திருக்கிறது. பாம்பே வகைக்காரர்களுக்கென்று பெங்களூரில் சங்கல்ப் இந்தியா என்ற தொண்டு நிறுவனமும் பட்டியல் வைத்திருக்கிறது. ரத்த வங்கியில் கேட்டால் தொடர்பு கொடுப்பார்கள். பாட்டில் இவ்வளவு என்று விலை பேசி ரத்தம் கொடுக்கிற ஆள் யாராவது ஆஸ்பத்திரி வாசலில் வந்தால் நம்பாதீர்கள். உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 1998 முதல் காசுக்கு ரத்தம் கொடுப்பதற்கே தடை இருக்கிறது.

நாமும் கொடுக்கலாம். 18 வயசு ஆகி, 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் போதும். பெண்கள் நான்கு மாசத்துக்கு ஒருமுறை, ஆண்கள் மூணு மாசத்துக்கு ஒருமுறை. மாசமா இருக்கிறவர்களும் பால் கொடுக்கிறவர்களும் கொடுக்கக் கூடாது. 12.5 என்றதும் எங்களில் எத்தனை பேர் தேறுவோம் என்று ஒரு சந்தேகம் வந்தது. பரிசோதித்தால் தெரிந்துவிடும்.

கூட்டத்தின் முடிவில் ஒரு தீர்மானம் போட்டோம். ஒவ்வொரு குழுவும் உறுப்பினர் பதிவேட்டில் பெயர், வயசு, சேமிப்புத் தொகைக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு 'ரத்த வகை' என்று எழுதணும். உறுப்பினரோடு மகள், மருமகளுடையதும் சேர்த்து. தெரியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்துக்கொண்டு வரணும். நெகட்டிவ் என்று வருகிறவர்கள் மாசமானால் ஏழாம் மாசத்தையும் பிரசவத் தேதியையும் பிரதிநிதிகள் குறித்து வைத்து, ஊசியை ஞாபகப்படுத்தணும். அடுத்த கூட்டத்துக்கு நோட்டை எடுத்து வாருங்கள். அட்டை பரண்மேல் இருக்கிறது என்று சொன்ன அக்கா அதைத் தேடி எடுத்துவிட்டாராம், எலி ஒரு மூலையைத்தான் கடித்திருக்கிறது, பி பாசிட்டிவ் என்று நன்றாகத் தெரிகிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.